குன்னூர்த் தைலம் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை, 13-12-1959

அன்புள்ள அக்கா சொர்ணவல்லிக்கு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத் தங்கை அமராவதி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நல்லபடியாக இருக்கிறோம். அந்தக் குன்னூர்க் குளிரில் நீயும் மச்சானும் சின்னவனும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மா நார்த்தாமலை மாரியைக் கும்பிட்டுவிட்டு எழுதச் சொல்கிறார்கள்.

அக்கா, மற்றதெல்லாம் அப்புறம் படி. பிள்ளைக்கு மூக்கடைப்பாக இருக்கிறது, மச்சான் வேலை பார்க்கும் கொட்டகையில் காய்ச்சுகிற நீலகிரித் தைலத்தை உச்சிக்கு வைக்கலாமா, குளிப்பாட்டும்போது மூக்கில் விடலாமா என்று அம்மாவிடம் கேட்டிருந்தாயே, வைக்காதே. வைத்திருந்தால் இன்றோடு நிறுத்திவிடு. வைக்கலாமா கூடாதா என்று எங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை. பிடிபடும் வரை வைக்காதே.

நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய தைலச் சீசாவை அம்மா விளக்கு மாடத்தில், விளக்கெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு இருமல் வந்தபோது தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் கலந்து நெஞ்சில் தேய்த்ததும் அவர் விடியும் வரை தூங்கினார். அன்றிலிருந்து தெருவெல்லாம் அம்மாவுக்கு அதே பேச்சு. அடுத்த வீட்டு அழகியின் கைக்குழந்தையை அம்மாதான் குளிப்பாட்டுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை அதற்கும் மூக்கடைப்பு. நல்ல தைலம் இருக்கும்போது விளக்கெண்ணெய் எதற்கு என்று அம்மா அதையே உச்சியில் வைத்து, எப்போதும் போல மூக்கிலும் விட்டு ஊதிவிட்டார்கள். பிள்ளை வீரிட்டு அழுதது, பிறகு அழுகை நின்றுவிட்டது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது, உதடு கறுத்துப் போனது. துண்டை வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். அழகியின் புருசன் கருப்பன் அண்ணன் ரோட்டுக்கு ஓடி பஸ்ஸை மறித்தார். திருமயம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாகப் பால் குடிக்கிறது, உச்சியில் மட்டும் சிவப்பு ஆறவில்லை. அம்மாவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. "எலையிலேருந்து எடுத்த எண்ணெதானடி, ஒங்கப்பாவுக்குக் கேட்டது பச்சப்புள்ளைக்கு ஏன் கேக்கல?" என்று என்னைக் கேட்கிறார்கள். எட்டாவதோடு நின்றவள் நான், எனக்கென்ன தெரியும்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா என்ன சொன்னார்கள் என்று உனக்கு எழுதலாம் என்றால் அதிலும் குழப்பம். மூன்று பேரும் அங்கேதான் நின்றார்கள், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் கலந்து தேய்க்கச் சொன்னார்கள் என்கிறார்கள் அம்மா. அழகி, "இல்ல பெரியம்மா, புள்ள இருக்க வீட்டுல அந்தச் சீசாவே கைக்கு எட்டுற எடத்துல இருக்கக் கூடாதுன்னாங்க" என்கிறாள். கருப்பன் அண்ணன் சுடுதண்ணீரில் ரெண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்கத்தான் சொன்னார்கள் என்று சத்தியம் செய்கிறார். நான் ஒவ்வொன்றாக எழுதி எழுதி அடிப்பதைப் பார்த்துவிட்டு, "நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள குன்னூர்ப் புள்ள பள்ளிக்கொடம் போயிரும்" என்று கேலி வேறு செய்கிறார். அம்மா ஒரு நேரம் கலந்து வைக்கலாம் என்று எழுதச் சொல்கிறார்கள், எழுதியதும் வேண்டாம் அடித்துவிடு என்கிறார்கள். அழகி இப்போது தானே பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொள்கிறாள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கம் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் அம்மா எழுந்து கொல்லைக்குப் போய்விடுகிறார்கள்.

திங்கட்கிழமை. அக்கா, இது திருமயத்தில் தபாலாபீசில் நின்று எழுதுகிறேன். தெரியாததை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் நானே போய்க் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவும் கூட வந்தார்கள், ஆனால் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுகொண்டார்கள். அத்தனை பேர் நடுவில் நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். நர்சம்மாதான், "யாருக்கும்மா ஒடம்புக்கு? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்" என்று அதட்டினார்கள். மூன்று பேர் சொன்னதையும் சொன்னேன். அவர்கள் சிரித்துவிட்டார்கள். "மூணும் நான் சொன்னதுதான். யாருக்குச் சொன்னேங்கிறத மட்டும் இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார்கள்.

கேள் அக்கா. கலந்து தேய்ப்பது அப்பா மாதிரிப் பெரியவர்களுக்கு. கரண்டி நிறையத் தேங்காய் எண்ணெய்க்குச் சில சொட்டுத்தான், அதுவும் நெஞ்சிலும் முதுகிலும் மட்டும். ஆவி பிடிப்பதும் பெரியவர்களுக்கு, கண்ணை மூடிக்கொண்டு. யாரும் உள்ளுக்குக் குடிக்கக் கூடாது. கைப்பிள்ளைக்குக் கலந்தும் வேண்டாம், கலக்காமலும் வேண்டாம், ஆவியும் வேண்டாம், முகத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம், அதன் மூச்சையே அடைத்துவிடுமாம். மூக்கில் வேறு எந்த எண்ணெயும் விடக் கூடாதாம். மூக்கடைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுத்து நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொள். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. சீசா சட்டென்று தீப்பற்றுமாம், விளக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிடு.

வெளியே வந்து சொன்னேன். எந்த எண்ணெயுமேவா என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நம்மை எல்லாம் அப்படித்தானே வளர்த்தார்கள், அது எப்படித் தப்பாகும் என்று இன்னமும் அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கும் முழுதாக விளங்கவில்லை. கடிதாசியை ஒட்டப் போனேன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இதையும் எழுது என்றார்கள். தை மாதம் பிள்ளையைப் பார்க்க அங்கே வருகிறார்கள் அல்லவா, அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன்: "நான் வந்தா கை தன்னால எண்ணெக் கிண்ணத்துக்குப் போகும் ஆத்தா. பெத்தவளாச்சேன்னு பாக்காத. என் கையிலேருந்து புள்ளைய வாங்கிக்க."

உனக்கும் மச்சானுக்கும் பிள்ளைக்கும் அப்பா அம்மாவின் ஆசீர்வாதம், நோயில்லாமல் நெடுங்காலம் இருங்கள். பிள்ளை மூச்சு எப்படி இருக்கிறது என்று ஒரு வரியாவது உடனே எழுது. அது வரும் வரை அம்மா சரியாகச் சாப்பிட மாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா தங்கமுத்து
அம்மா சொல்ல எழுதியவள், அமராவதி