நான்காவது வளாகம் உணவகம் அல்ல என்பது குறித்து

அனுப்புநர்:
நீர்ப் பரிசோதகர்,
நகராட்சிக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்.
(தங்கள் பல்கலைக்கழகத்தின் ஆற்றோர வளாகத்தில் படித்த முன்னாள் மாணவி)

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தலைமை அலுவலகம்,
மணிக்கூண்டுக் கட்டடம், முதல் மாடி.

பொருள்: பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியாகியுள்ள "நமது பல்கலைக்கழகம்: ஒரு பார்வை" என்னும் அறிமுகத்தில் ஆற்றோர வளாகம் உணவகமாகக் குறிக்கப்பட்டிருப்பதைத் திருத்தவும், அங்கு நடைபெறும் மாலை நேர நீர்ப் பரிசோதனைச் சான்றிதழ் வகுப்புக்கு விண்ணப்பிக்க வழி செய்யவும் கோருதல்.

பார்வை: உணவகத்தில் மேசை முன்பதிவு செய்வது குறித்துத் தங்கள் விசாரணைப் பிரிவு என் நாத்தனாருக்கு அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் எடுத்ததற்கெல்லாம் மனு எழுதுகிறவள் அல்ல. தண்ணீரைச் சோதித்து முடிவை எழுதுவது என் வேலை. ஒரு மாதிரியை இரண்டு முறை பார்க்காமல் எதையும் எழுதிக் கொடுத்துப் பழக்கமில்லை. இந்த விஷயத்தையும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1. மேற்படி அறிமுகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். பல்கலைக்கழகத்துக்கு மூன்று வளாகங்கள் என்று அது சொல்கிறது. அந்த மூன்றைப் பற்றியும் எழுதியிருப்பது பெரும்பாலும் சரி. "பெரும்பாலும்" என்ற சொல்லை யோசித்தே போடுகிறேன். கலையும் சட்டமும் கற்பிக்கப்படும் மணிக்கூண்டு வளாகத்தைப் பற்றி, "நேரத்தின் அருமையை உணர்த்தும் கடிகாரம்" என்றிருக்கிறது. நான் மாணவியாக இருந்த காலத்திலேயே அந்தக் கடிகாரம் பின்தங்கித்தான் ஓடியது. ஆசிரியர்களும் மாணவர்களும் அதோடு சேர்ந்தே பின்தங்கியதால் யாருக்கும் நஷ்டமில்லை. வேளாண்மையும் கால்நடைப் படிப்பும் நடக்கும் மேட்டு வளாகம் "அமைதியின் உறைவிடம்" என்கிறார்கள். எழுதியவர் அங்கே வாத்துகளுக்குத் தீனி போடும் நேரத்தில் போகவில்லை என்று தெரிகிறது. பழைய நூற்பாலைக் கட்டடத்தில் இயங்கும் பொறியியல் வளாகத்துக்கு "வானம் பார்த்த கூரை" என்று பெருமை சேர்த்திருக்கிறார்கள். மழை நாட்களில் உள்ளே குடை பிடித்துக்கொண்டு வரைபடம் போடும் மாணவர்கள் இதை முழு மனதுடன் ஒப்புக்கொள்வார்கள். இவை எதைப் பற்றியும் எனக்குப் புகார் இல்லை. அறிமுகம் என்றால் கொஞ்சம் பவுடர் பூசத்தான் செய்வார்கள்.

2. என் புகார் கடைசிப் பத்தி பற்றியது. அது வருமாறு: "இவை தவிர, ஆற்றங்கரையில் மரநிழலில் பல்கலைக்கழகத்தின் உணவகம் அமைந்துள்ளது. சுவையான மதிய உணவும், இன்முகத்துடன் பரிமாறும் பணியாளரும் இதன் தனிச்சிறப்பு."

மரநிழல் உண்மை. சுவையும் உண்மை. ஆனால் ஐயா, அது உணவகம் அல்ல. அது தங்களின் நான்காவது வளாகம். இரண்டு ஆய்வுக்கூடங்கள், ஒரு நூலகம், மூன்று வகுப்பறைகள், கூடவே ஒரு சாப்பாட்டுக் கூடமும் கொண்டது. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காகவே ஏற்படுத்தப்பட்டதால், வகுப்புகள் மாலை ஐந்து மணிக்குமேல்தான் தொடங்கும். செவிலியர், நடத்துநர், கடைச் சிப்பந்தி, கொத்தனார் என்று பலரும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். நானும் பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு மாலையில் அங்கே உட்கார்ந்து படித்தவள்தான். உட்காரக் கிடைப்பதே பெரிய சுகம் என்று அன்றைக்குத் தோன்றும். பாடம் அதற்குமேல் கிடைத்த லாபம்.

3. ஒரு வளாகம் எப்படி உணவகமாக மாறியது என்று விசாரித்தேன். எதிரே டீக்கடை வைத்திருப்பவர், "இடத்த வித்துட்டாங்கம்மா, பெரிய ஹோட்டல் வருது, எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அவருக்கு எல்லாமே அப்பவே தெரியும் என்பதால் அதை நான் நம்பவில்லை. நடந்தது வேறு, அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை.

தங்கள் பல்கலைக்கழகத்தில் நெடுநாளாக ஒரு நல்ல வழக்கம் உண்டு. எந்த வளாகமும் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளக் கூடாது. வேறு வளாகத்தார் வந்து பார்த்து எழுத வேண்டும். அதன்படி இந்த ஆண்டு அறிமுகக் குழுவினர் பல்கலைக்கழகப் பேருந்தில் ஒரே நாளில் எல்லா வளாகங்களையும் சுற்றியிருக்கிறார்கள். ஆற்றோரத்துக்கு வந்து சேர்ந்தபோது நடுப்பகல். வகுப்பறைகளும் ஆய்வுக்கூடங்களும் பூட்டிக் கிடந்தன. வாசலில் வளாகத்தின் பெயர்ப்பலகையைக் கொடி படர்ந்து மூடியிருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தின் பலகைக்கு மட்டும் சமையல்காரர் புதிதாக வண்ணம் அடித்து வைத்திருந்தார். திறந்திருந்த ஒரே கதவு வழியாக அவர்கள் உள்ளே போனார்கள்.

ஆற்றோரத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரை வந்த காரியத்தைக் கேட்கக் கூடாது. இவர்கள் கை கழுவினார்கள், மரத்தடிக்குப் போனார்கள், கண் அயர்ந்துவிட்டார்கள். பேருந்து ஓட்டுநர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நாலு தடவ ஹாரன் அடிச்சேங்க. எழுந்தவங்க நேரா வண்டில ஏறிட்டாங்க. இத்தன வருஷத்துல இவ்ளோ சந்தோஷமா ஒரு குழு திரும்பி வந்து நான் பார்த்ததில்ல."

4. "இன்முகத்துடன் பரிமாறும் பணியாளர்" யார் என்பதையும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். அவர் நீரியல் துறைத் தலைவர், பேராசிரியர். பரிமாறுகிறவர் அன்று விடுப்பு. அப்படிப்பட்ட நாளில் நிற்கிறவர் உட்கார்ந்திருப்பவருக்குப் பரிமாறுவது அந்த வளாகத்தில் எல்லோருக்கும் பொது, பதவி பார்ப்பதில்லை. பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார், பரிமாறினார். பேருந்தைப் பார்த்தே அறிமுகக் குழு என்று தெரிந்துகொண்டு, அவர்கள் மாலையில் திரும்பி வந்து வகுப்புகளைப் பார்ப்பார்கள் என்று நம்பி, அன்று எல்லா விளக்குகளையும் போட்டுவைத்துக் காத்திருந்தாராம்.

இந்த மனுவை அவர்தான் எழுதியிருக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அந்த வரியை அச்சிட்டுச் சட்டம் போட்டுத் தன் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறார். "இருபது வருஷமா பாடம் நடத்தறேன், ஒருத்தர் ஒரு வார்த்த சொன்னதில்லம்மா. ஒரே ஒரு நாள் பரிமாறினேன், உலகமே பார்க்கிற மாதிரி போட்டுட்டாங்க. இத நானே தப்புன்னு எழுதிக் குடுக்கணுமா?" என்றார். அவருடைய மனைவி, "வீட்ல ஒரு நாள் பரிமாறச் சொல்லுங்க, நானும் எழுதித் தர்றேன்" என்றார். எனவே மனு என் கைக்கு வந்தது.

5. இனி, இதனால் பாதிக்கப்பட்டவரைப் பற்றி. அவர் என் நாத்தனார், என் கணவரின் தங்கை. வயது நாற்பத்து மூன்று. ஆற்றோர வளாகத்துக்கு இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறார். பள்ளிப் படிப்பை முடித்ததும் திருமணம், பிறகு மகள், பிறகு கடை. மகள் இவ்வாண்டு வெளியூரில் கல்லூரிக்குப் போய்விட்டாள். "அவ படிக்கிறா, நீங்க படிச்சிட்டீங்க. நடுவுல நான் மட்டும் எல்லாருக்கும் பட்டன் தெச்சிட்டே இருக்கணுமா அண்ணி?" என்று ஒரு நாள் கேட்டார்.

நான் உடனே நம்பிவிடவில்லை. என் படிப்பைப் பற்றி அவர் அடித்த கேலி கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால்கூட, "அண்ணி, டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுங்க" என்பவர். ஆகவே சோதித்துப் பார்க்கலாமென்று என் பழைய பாடப்புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அது கடைசிப் பக்கம்வரை ஓரமெல்லாம் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் கோடுகள் போடப்பட்டுத் திரும்பி வந்தது. புரிந்த இடத்தில் வெள்ளை, புரியாத இடத்தில் சிவப்பு. சிவப்புதான் அதிகம். அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. படிக்காமல் விட்டவருக்குப் புரியாத இடம் எதுவென்று தெரிய வாய்ப்பில்லை.

மற்ற மூன்று வளாகங்களிலும் வகுப்பு பகலில்தான். பகலில் கடையை மூடினால் அவருக்கு வருமானம் இல்லை. ஆற்றோரம் மட்டுமே அவரால் நடந்து போய்ப் படிக்கக்கூடிய இடம். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் பணிக்கு இந்தச் சான்றிதழ் போதும் என்பதையும் குறிப்பிடுகிறேன். சிபாரிசு செய்யும் உத்தேசம் எனக்கு இல்லை. அதை அவரிடம் சொல்லியும்விட்டேன். "உங்க சிபாரிச யாரு கேட்டா? உங்க நாற்காலிதான் வேணும்" என்றார்.

6. விண்ணப்பிக்கத் தங்கள் இணையதளத்தைத் திறந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. வளாகத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் அறிமுகத்தைப் பின்பற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. அதில் மூன்று வளாகங்களே உள்ளன. ஆற்றோரம் இல்லாததால் அங்குள்ள எந்தப் படிப்பும் இல்லை. "ஆற்றோரத்தில் எனக்கு ஓர் இடம் வேண்டும், என்ன செய்ய வேண்டும்?" என்று அவர் விசாரணைப் பிரிவுக்கு எழுதினார். மறுநாளே பதில் வந்தது. தாமதமின்றிப் பதில் அளித்ததற்கு நன்றி. பதில் இதுதான்: "அன்புடையீர், ஒருவருக்கு முன்பதிவு தேவையில்லை. பத்துப் பேருக்கு மேல் வருவதாயின் ஒரு நாள் முன்னதாகத் தெரிவிக்கவும்."

நாத்தனார் இதைக் கடையில் சத்தமாகப் படித்துக் காட்டினார். அளவு கொடுக்க வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அளவு நாடா நழுவிவிட்டது. "பாருங்க அண்ணி, உங்க யுனிவர்சிட்டில சாப்பிட இடம் இருக்காம், படிக்க இடம் இல்லையாம்" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வாடிக்கையாளர்கள் போன பிறகு, கடை முகப்பில் மாட்டியிருந்த ஒரு வெள்ளை அங்கியைக் கழற்றி மடித்து உள்ளே வைத்தார். ஆய்வுக்கூடத்தில் போட்டுக்கொள்ளத் தனக்குத் தானே தைத்தது அது. பேனாவுக்கு ஒன்று, சாக்கட்டிக்கு ஒன்று என்று பைகள் வைத்து, கழுத்தில் "விற்பனைக்கு அல்ல" என்று சீட்டும் குத்தியிருந்தார். யார் வந்து விசாரித்தாலும், "அதுக்குச் சொந்தக்காரி காலேஜ் போகப் போறா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மாலையே இந்த மனுவை எழுதத் தொடங்கினேன்.

7. வளாகத்தில் இப்போதுள்ள நிலைமையையும் தாங்கள் அறிய வேண்டும். அறிமுகம் வெளியானதிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சாப்பிட வருகிறார்கள். சமையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மாலையில் வரும் மாணவர்களுக்கு உட்கார இடமில்லை. சென்ற வாரம் ஒரு நாள் மாலை ஒரு குடும்பத்தார் ஆய்வுக்கூடத்தில் நுழைந்து, காற்று நன்றாக வருகிறது, இங்கேயே பரிமாறுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவர் வரிசையாக வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றைத் திறந்து வாயில் வைக்கப் போனார். ஆய்வக உதவியாளர் பாய்ந்து பிடுங்கிவிட்டார். "காசுக்குத்தானே கேக்கறேன், ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டீங்களா?" என்று பெரியவர் கோபித்துக்கொண்டாராம். அது சாயப்பட்டறைக்குக் கீழே எடுத்த ஆற்று நீர். அதன் முடிவு என்னிடம் இருக்கிறது. மதிய உணவு நேரத்தில் படிக்க உகந்தது அல்ல என்பதால் இணைக்கவில்லை.

8. சேர்க்கை இம்மாத இறுதியோடு முடிகிறது. இந்தச் சான்றிதழ் வகுப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் தொடங்கும். இப்போது தவறினால் என் நாத்தனார் நாற்பத்தைந்தில்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். அவர் காத்திருப்பார். ஆனால் காத்திருக்க வைப்பதற்கு அவர் செய்த தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

அ) ஆற்றோரத்தை வளாகங்களின் வரிசையில் நான்காவதாகச் சேர்த்து, இம்மாதம் முடிவதற்குள் அதன் படிப்புகளுக்கு விண்ணப்பிக்க வழி திறந்துவிட வேண்டும். இது ஒன்று மட்டும் நடந்தாலும் இந்த மனு பலித்ததாகக் கொள்வேன்.

ஆ) வாசற்பலகையை மூடியுள்ள கொடியை வெட்ட உத்தரவிட வேண்டும். உத்தரவு வரத் தாமதமானால் நாத்தனார் தன் கத்தரிக்கோலுடன் தயாராக இருக்கிறார். தடுக்கும் பொறுப்பை நான் ஏற்க இயலாது.

இ) திருத்தம் செய்யும்போது "இன்முகத்துடன் பரிமாறும்" என்ற வரியை நீக்கிவிட வேண்டாம். "பணியாளர்" என்பதைப் "பேராசிரியர்" என்று மாற்றினால் போதும். இது அவர் கேட்டுக்கொண்டதல்ல, என் சொந்த விருப்பம்.

ஈ) நான் சொல்வதைத் தாங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை, தங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். குழுவினரை மீண்டும் ஒரு முறை அனுப்பிவையுங்கள். மாலை ஐந்து மணிக்குமேல் அனுப்புங்கள். எல்லா அறைகளிலும் விளக்கு எரியும். வாசலுக்கு நேரே உள்ள ஆய்வுக்கூடத்தில் புது வெள்ளை அங்கியோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வரும்படி மட்டும் அன்புகூர்ந்து சொல்லி அனுப்பவும்.

நம்பிக்கையோடு, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு,

(கையொப்பம்)
நீர்ப் பரிசோதகர்

இடம்: குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்
நாள்: மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை

இணைப்பு: விசாரணைப் பிரிவின் பதில், நகல் ஒன்று. (மூலப் பிரதி தையல் கடைச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் எடுத்துவிடுவதாக நாத்தனார் வாக்களித்துள்ளார்.)