காட்டிக்கொடுத்தவனைப் பக்கத்தில் வை

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

தளபதியைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் படத்தை மாட்ட ஆணி தேடினோம். கூடத்தில் உறுதியான ஆணி அது ஒன்றுதான். அம்மா ஸ்டூலில் ஏறி அவரைக் கழற்றி, தூசி தட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள். "இத்தனை வருஷம் என் வீட்டுச் சுவத்துல மீசைய முறுக்கிக்கிட்டு நின்னாரு. இனி கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்றாள்.

எதிர்வீட்டு அம்மா முதல்முறை நம் வீட்டுக்கு வந்தபோது, "யாரும்மா இவரு, உங்க மாமனாரா? மிலிட்ரியா?" என்று அம்மாவிடம் கேட்டது நினைவிருக்கிறதா? நீங்கள் முந்திக்கொண்டு, "என் பழைய முதலாளி" என்றீர்கள். அந்தக் குரலில் இருந்த பெருமை எனக்கு அன்றைக்கும் புரியவில்லை. இன்றைக்கும் புரியவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கொள்ளேகாலில் பிறந்த என் அப்பா, எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பு, ஒரு பாலைவன நாட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். ராணுவத்திலிருந்து வந்து ஆட்சியைப் பிடித்த ஒருவரின் மாளிகையில் வேலை. நாட்டின் பெயர் எதற்கு? அப்படிப்பட்ட நாடுகள் ஒன்றா இரண்டா. அந்த மனிதரை எங்கள் வீட்டில் தளபதி என்றுதான் சொல்வோம், ஏதோ ஒன்றுவிட்ட பெரியப்பாவைப் போல.

ஒரு பகல் நேரத்தில் தளபதியின் அறையில் ஏ.சி. பழுதாகி, நீங்கள் ஏணியில் நின்று சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் உங்களிடம் பேசினார். மலையாளிச் சமையல்காரர் மொழிபெயர்த்தார். உன் ஊரில் ராஜா உண்டா என்று கேட்டார். மைசூரில் அரண்மனை உண்டு, தசராவுக்கு விளக்குப் போடுவார்கள், ஆனால் ராஜா ஆள்வதில்லை என்றீர்கள். தளபதி விழுந்து விழுந்து சிரித்தாராம். "விளக்கு இருக்கு, ராஜா இல்லையா? அப்போ யாருக்குப் பயப்படுவீங்க?"

அதற்குப் பிறகு ஏ.சி. ஓடத் தொடங்கும்வரை அவர் சொன்னதெல்லாம் எங்கள் வீட்டில் வேதம். கத்துகிறவன் கையில் அதிகாரம் இல்லை. ஜனங்களுக்கு நியாயம் வேண்டாம், தங்களுக்குப் பதிலாக முடிவெடுக்க ஒரு ஆள்தான் வேண்டும். காட்டிக்கொடுத்தவனை விரட்டாதே, பக்கத்தில் வை. அவனைவிட விசுவாசமானவன் கிடைக்க மாட்டான்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறேன் அப்பா.

நீங்கள் போன பிறகு, இங்கே மைசூர் ஹெப்பாளில் காருக்கு ஒயரிங் செய்யும் எங்கள் கம்பெனி ஒரு காரியம் செய்தது. ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி பஸ் கிடையாது என்று ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். நிரந்தரமானவர்களுக்கு மட்டும் பஸ். நாங்களும் அதே காருக்கு அதே ஒயரைத்தான் கட்டுகிறோம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து ரிங் ரோடு வரை நடக்கிறோம். பாதித் தெருவிளக்கு எரியாது, நாய்கள் துரத்தும், பைக்கில் வருகிறவன் வேகத்தைக் குறைப்பான். எங்களைத் தாண்டி அந்த பஸ் பாதி சீட்டு காலியாகப் போகும். யாரும் உட்காராத சீட்டை எங்களுக்குத் தராமல் இருப்பதில் அவர்களுக்கு என்ன லாபம்? லாபம் இல்லை. நாங்கள் யார் என்பதை தினமும் நினைவுபடுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

பெண்கள் கூடிப் பேசினோம். டிப்ளமோ படித்தவள், வாய் நீளம் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். ஒரு திங்கட்கிழமை, மேனேஜர் வந்து பேசும்வரை யாரும் லைனில் கை வைப்பதில்லை என்று முடிவு. அந்தத் திங்கட்கிழமை போனால் எங்கள் இடங்களில் புதுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு உள்ளே போனோம். எல்லோருக்கும் முன்னால் நின்ற கௌரிக்கு மட்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

சொன்னது செல்வி. அவள் கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம் ராமாபுரத்துப் பெண், லைனில் எனக்கு அடுத்த இடம். (பெயரை மாற்றியிருக்கிறேன். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எம் பேரு வேண்டாமுங்க்கா. வேற பேரு போட்டா நல்ல பேராப் பாத்துப் போடுங்க" என்றாள்.) கேன்டீனில் கை கழுவும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தானுங்க்கா சொல்லிப்போட்டேன். சூப்பர்வைசரு கூப்ட்டு, உனக்கு அடுத்த மாசம் வேலை இருக்கோணுமா வேண்டாமான்னாரு. எனக்கு வாய் தானா வந்துருச்சுங்க்கா."

எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கே ஆச்சரியம். "சரி, அழாத. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். எவ்வளவு நல்லவள் நான் என்று அன்று பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாளிலிருந்து செல்வி என் நிழல் ஆனாள். நான் கேட்காமலே டீ வந்தது. என் தண்ணீர் பாட்டில் நிரம்பியிருந்தது. கூட்டத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் "அக்கா சொல்றதுதான் சரி" என்றாள். மற்றவர்கள் முணுமுணுத்தாலும் அவள் சொன்னதும் அடங்கினார்கள். ஒருநாள் ஏதோ ஒன்றுக்கு யாருக்குச் சம்மதம் என்று கேட்டுவிட்டு, எதேச்சையாக அவளைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். அவள் கை மேலே போனது.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும் அப்பா. சேகர் மாமாவை நீங்கள் அப்படித்தான் பார்ப்பீர்கள்.

அம்மாவின் தம்பியான அவர், ஊர் திரும்பி நீங்கள் வைத்த ஏ.சி. ரிப்பேர் கடையில் கம்ப்ரஸரைத் திருட்டுத்தனமாக விற்றதும், நீங்கள் அவரைத் திட்டாமல், வெளியே யாரிடமும் சொல்லாமல், அதே கடையில் கடைசிவரை வைத்துக்கொண்டதும் வீட்டில் எல்லோரும் மெச்சிய கதை. நீங்கள் உள்ளே வந்தால் மாமா எழுந்து நிற்பார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் நிற்பார். அதை மரியாதை என்று நினைத்து வளர்ந்தேன். உங்கள் காரியம் முடிந்த அன்று, பந்தலுக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த மாமாவிடம், "அப்பா உங்களை மன்னிச்சாரே மாமா, பெரிய மனசு இல்ல?" என்றேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. "ஒரு தடவ மன்னிச்சிருந்தா பெரிய மனசுதாம்மா. அவரு தினமும் மன்னிச்சாரு" என்றார்.

அன்று எனக்கு உங்கள் மீது கோபம் வரவில்லை, மாமா மீதுதான் வந்தது. நன்றி கெட்ட மனிதன் என்று நினைத்தேன். பிறகு செல்வி டீ கொண்டுவந்து வைத்தபோதெல்லாம், மாமா சாப்பாட்டை விட்டு எழுந்து நிற்பதுதான் கண்ணில் வந்தது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தளபதி வீழ்ந்த கதையை நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொன்னீர்கள். ஒருமுறை வெளிநாட்டுச் சதி. ஒருமுறை விதி. ஆனால் மாளிகையின் கதவைத் திறந்துவிட்டவன் அவருடைய மெய்க்காப்பாளன் என்பது மட்டும் எல்லாக் கதையிலும் இருந்தது. அவன் யார் அப்பா? முன்பு ஒருமுறை காட்டிக்கொடுத்து, மன்னிக்கப்பட்டு, பக்கத்தில் வைக்கப்பட்டவனா? கல்லூரியில் படிக்கும்போது இதைக் கேட்டேன். நீங்கள் டி.வி. செய்தியின் சத்தத்தைக் கூட்டினீர்கள். தெரியாததால் கூட்டினீர்களா, தெரிந்ததாலா?

உங்கள் தளபதி முழுக்கத் தவறு என்று சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. சொல்ல முடியவில்லை. எங்கள் லைனில் மூத்தவர் ருக்மிணி அக்கா, மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் கன்னடம் கலக்கும். பஸ் விஷயத்தில் அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டேன். "எங்கள எதுக்கும்மா கேக்கற? நீயே முடிவு பண்ணு. நாங்க சும்னே பின்னால வர்றோம்" என்றார். தளபதி ஏணிக்குக் கீழே நின்று சிரிப்பது எனக்குக் கேட்டது. கம்பெனியும் அதைத்தானே நம்புகிறது? அவர்களை எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர்களுடைய பாடத்தையே நானும் படிக்கிறேனா?

செல்வியைத் தனியாகக் கூப்பிட்டேன். "இனிமே எனக்காகக் கை தூக்காத. டீ கொண்டு வராத. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லு" என்றேன்.

"சரிங்க்கா. நீங்க சொன்னாச் சரி" என்றாள்.

என்ன செய்வது, சொல்லுங்கள். விடுதலையைக்கூட உத்தரவாக வாங்கிக்கொள்கிறவளை என்ன செய்வது? கோபத்தில் கத்திவிட்டேன். "நான் சொன்னா சரின்னு சொல்லாதன்னுதானடி சொல்றேன்!"

அவளும் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை. "நீங்க எப்பச் சொல்லுவீங்களோன்னு தினம் பயந்துக்கிட்டே வாறனுங்க்கா. சொல்ல மாட்டேன் சொல்ல மாட்டேங்கறதுதான் பெரிய மெரட்டலா இருக்குது. அதுக்கு அன்னைக்கே நாலு அறை அறஞ்சிருக்கலாமுங்க."

இன்று ஞாயிற்றுக்கிழமை, பூங்காவில் கூடினோம். தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம் என்று நான் பேச ஆரம்பித்தேன். செல்வி எழுந்து நின்றாள். முந்தானையைக் கசக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

யாரோ அவளை அடிக்கக் கை ஓங்கினார்கள். ருக்மிணி அக்கா அந்தக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு இது முன்னாடியே தெரியும். ஹௌதா, இல்லையா?"

"தெரியும்."

"கௌரிக்கு வேலை போச்சு. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல. எதுக்கு மறைச்ச? இவளக் காப்பாத்தவா, இல்ல இவ உன் கைக்குள்ள இருக்கட்டும்னா?"

இரண்டில் எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை அப்பா. இப்போதும் தெரியவில்லை.

ருக்மிணி அக்கா செல்வியிடம் சொன்னார்: "கௌரி வீட்டுக்கு நீ வர்ற. நானும் வர்றேன். அவ வெளக்குமாத்தால அடிச்சாலும் வாங்கிக்கணும். அப்புறம் வந்து எங்களோட உக்காரு. உன்ன விரட்டிட்டா மட்டும் பஸ்ஸு வந்துருமா?" பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பேசினது போதும். இனி நான் பேசறேன்" என்றார். சும்மா பின்னால் வருகிறோம் என்று சொன்ன அதே வாய். உங்கள் தளபதியின் கணக்கில் இது உண்டா?

அவருடைய யோசனை எளிமையானது. புகாரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். "சீட்டு காலியாத்தானே இருக்கு? ஏறி உக்காந்துக்கலாம். இறக்கட்டும், பாக்கலாம்." பைத்தியக்காரத்தனம் என்றேன், மொத்தப் பேருக்கும் வேலை போகும் என்றேன். யாருக்குச் சம்மதம் என்று அவர் கேட்டார். கைகள் எழுந்தன. செல்வியின் கையும் எழுந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

எனக்கு அழுகையாக வந்தது. அவமானமா, சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை. ஒருவேளை இரண்டும் ஒன்றாகத்தான் வருமோ என்னவோ.

நாளை திங்கட்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறோம். ருக்மிணி அக்கா எடுத்த முடிவு தப்பு என்றுதான் இந்த நிமிடம்வரை நினைக்கிறேன். ஆனாலும் அந்த பஸ்ஸில் ஏறுவேன். எங்களை இறக்கிவிட்டாலும், வேலையே போனாலும், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருநாளும் ஒருத்தியிடமும் சொல்ல மாட்டேன். மனதுக்குள் சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. வாயால் சொல்ல மாட்டேன். உங்கள் மேல் சத்தியம்.

உங்களை எதிர்த்துப் பேசியும் உங்களைப் போலவே இருக்கிற மகள்,
தேன்மொழி