கிழமை விட்டுப்போன வெள்ளி

என் அவசரக்குடுக்கைக்கு,

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் சொல்லாமல் விட்டது நாலே வார்த்தை. டாக்டர், டப்பாவில் எழுதியது நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இங்கே அனைவரும் நலம் என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், நலம் என்றால் பாதிப் பொய், நலமில்லை என்றால் நீ பரீட்சையை விட்டுவிட்டு ஓடிவருவாய், அதனால் அப்பா தேறி வருகிறார், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், நலவிசாரிப்பு இதோடு முடிந்தது. போனில் சொல்லலாம்தான், நீ பேச விட்டால்தானே, நான் பாதி சொல்லும்போதே மீதியை நீயே முடித்துத் தீர்ப்பும் எழுதிவிடுவாய். அத்தை உனக்கு இந்தப் பெயரைச் சும்மாவா வைத்தாள்.

நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய், வரிசையாகச் சொல்கிறேன். அப்பாவின் மூட்டுவலிக்குப் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள், வாரத்துக்கு ஒன்றே ஒன்று, வெள்ளிக்கிழமை காலையில். அதன் கடுமையைத் தணிக்கத் தினமும் ஒரு மஞ்சள் மாத்திரை. மருந்துக் கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையைக் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தார், வாரம் ஒண்ணும்மா என்று வாயால் சொன்னதோடு சரி, அட்டைமேல் ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை, அதற்குள் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். இரண்டு வெள்ளிக்கிழமை நானே எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். அதற்குள் அச்சகத்தில் பாடநூல் வேலை வந்தது, பிழை திருத்த ஒன்பது நாள் வெளியூர் போ என்றார்கள். அப்பாவை அத்தை பொறுப்பில் விட்டேன். அவளுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று இரண்டு டப்பா வாங்கி, இரண்டு சீட்டு ஒட்டினேன். ஒன்றில் மஞ்சள் மாத்திரை, காலை ஒன்று. இன்னொன்றில் வெள்ளி மாத்திரை, காலை ஒன்று. வீட்டில் நாங்கள் அதை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், கை அப்படியே எழுதிவிட்டது. திரும்பப் படித்தும் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். என் தலையில் அடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கை போதவில்லை.

உன் அத்தை பள்ளிச் சீருடை தைக்கிற கூடத்தில் பதினாறு வருடமாக இருக்கிறாள். நூல்கண்டு அடுக்கில் மஞ்சள், பச்சை, வெள்ளி என்று நிறம் எழுதித்தான் அவளுக்குப் பழக்கம். ஒரு டப்பாவில் மஞ்சளாக மாத்திரை இருக்கிறது, இன்னொன்றில் வெள்ளியாகப் பளபளக்கிற அட்டை இருக்கிறது, எழுத்தும் அதையே சொல்கிறது, காலை ஒன்று. அவள் வேறென்ன நினைப்பாள்? எட்டு நாள் காலையும் இரண்டையும் கொடுத்திருக்கிறாள், மணி தவறாமல், கூடவே வெந்நீரும். சரி, இந்த மனிதர் கேட்கக்கூடாதா? பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வண்டி கற்க வருகிறவர்கள் பிழைக்கெல்லாம் பிரேக்கை மிதிப்பதுதான் அவர் தொழில், தன் வாய்க்குள் போவதற்கு ஒரு பிரேக் கிடையாதா? கேட்டாராம். இரண்டாம் நாள், இது இன்னைக்குமா என்று கேட்டாராம். அண்ணி எழுதி வெச்சிருக்காங்கண்ணா என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவ எழுதினா சரியாத்தான் இருக்கும் என்று முழுங்கிவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாளே வாயெல்லாம் புண். சூடு என்று நினைத்துக்கொண்டார்கள், எனக்குப் போனில் சொல்லவும் இல்லை, வேலையில் இருக்கிறவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும் என்று ஒரு பெருந்தன்மை. ஒன்பதாம் நாள் அட்டை காலி, அத்தை புதிதாக வாங்கக் கடைக்குப் போனாள். இது ரெண்டு மாசத்துக்கு மேல வருமே, அதுக்குள்ள எப்படிம்மா தீந்துச்சு என்று கடைக்காரர் கேட்ட கேள்வியில்தான் அப்பா இன்று உயிரோடு இருக்கிறார். அத்தை காய்ச்சலோடு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள், நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. டாக்டரம்மா கையில் அந்த டப்பா. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா எங்க கையில எதுவும் இல்ல, யாரு மாத்திரை குடுத்தது என்றார். நான்தான் என்றாள் அத்தை. வெள்ளின்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா என்று டாக்டரம்மா சீட்டைத் தட்டிக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. கிழமை. மூன்றே எழுத்து. அத்தை சீட்டைப் பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள், தப்பாப் படிச்சிட்டேன் டாக்டர் என்றாள். நான் அப்பாவின் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தது அது.

டாக்டரம்மாவுக்கு அந்தச் சீட்டு சரியாகத் தெரிந்தது பார், அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. வெள்ளி என்றால் வெள்ளிக்கிழமைதானே, எழுத்தில் பிழை எங்கே என்று வாதாடலாம். மனசுக்குள் வாதாடியும் பார்த்தேன். ஆனால் அடுத்தவர் எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்து, இரு பொருள் தருகிறது, தெளிவாக்குக என்று ஓரத்தில் எழுதியிருப்பேன், அதற்குத்தானே இத்தனை வருடமாகச் சம்பளம். இன்னும் வெட்கக்கேடு கேள். அப்பாவின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் பெண், வயது முப்பத்தொன்று என்று இருந்தது. அரை நாள் கட்டிக்கொண்டு படுத்திருந்தார் மகானுபாவர். நான் வார்டே அதிரக் கத்தினேன், இப்படி ஒரு எழுத்தில் ஆளையே கொன்றுவிடுவீர்கள் என்றேன். நர்ஸ் பாவம், கோவிச்சுக்காதீங்க, உங்க அப்பாவுக்கு இப்பவே மாத்திடறேன் என்றாள். என் வீட்டுக்காரர் எனக்கு அப்பாவாம்! இத்தனை வயது மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டு, பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றுக்கொண்டதற்கு இன்னும் என்னென்ன கேட்கவேண்டுமோ. அதற்கும் கத்தினேன். கதவுப் பக்கம் நின்ற அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரார் பிழைக்கு அவ்வளவு குரல் வந்தது எனக்கு.

அதன்பிறகு நீ. விஷயம் கேட்ட பத்தாவது நிமிடம் அத்தைக்குப் போன் போட்டு, படிக்கத் தெரியாதவங்ககிட்ட அப்பாவ விட்டுட்டுப் போனது அம்மா தப்பு என்று சொன்னாயாமே. உன்னைப் பள்ளிக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள் அவள். என் வாயால் ஒரு சொல் வந்திருந்தால் உன் வாயால் அது வந்திருக்காது, அதனால் உன்னைத் திட்டக்கூட எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் திட்டுகிறேன். பன்னிரண்டு நாளாக அத்தை இந்தப் பக்கம் வரவில்லை. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து அனுப்பிவிட்டாள். அப்பா தினமும் வாசலைப் பார்த்து, அவ வரலையா என்கிறார். தையல் வேலை அதிகம் என்று நானும் தினமும் ஒரு பொய்.

அப்பாவுக்கு வாய்ப்புண் ஆறிவிட்டது, ரத்தத்தில் குறைந்த அணுக்கள் மெல்ல ஏறுகின்றன, வாராவாரம் சோதனைக்கு ரத்தம் கொடுத்துப் பார்க்கவேண்டும், இரண்டு மாதம் வண்டிப் பக்கம் போகக்கூடாது. நாளைக் காலையில் நான் தையல் கூடத்துக்குப் போகிறேன். நீ என்னை என்ன நினைப்பாயோ தெரியாது, நினைத்துக்கொள். ஆனால் இதைப் படித்து முடித்ததும் அத்தைக்குப் போன் செய், விளக்கம் எதுவும் வேண்டாம், மன்னிப்பு மட்டும் கேள். எந்த மருந்தானாலும் யார் எழுதியது என்று பார்க்காதே, என்ன எழுதியிருக்கிறது என்று பார். நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொஞ்சம் நிதானமும் உனக்குக் கூடட்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்,
அம்மா

பி.கு. உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று கூடத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். அத்தை மிஷினை நிறுத்தவில்லை, கையிலிருந்த சட்டையின் ஓரத்தை முடித்து நூலை வெட்டிவிட்டு, ஆஸ்பத்திரிலயே தெரியும் அண்ணி, நீங்களா சொல்றீங்களான்னுதான் பாத்துட்டு இருந்தேன், பதிமூணு நாளா என்றாள். அடுத்த சட்டையை எடுத்து மிஷினில் வைத்தாள், நானும் வந்துவிட்டேன். சாயங்காலம் வந்தாள். டப்பாக்களிலிருந்த என் சீட்டுகளைச் சுரண்டி எடுத்தாள், ஒரு தாளில் கொட்டை எழுத்தில், வெள்ளிக்கிளமை அண்ணனுக்கு ரத்தம் குடுக்கனும் என்று எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பிழை. நான் திருத்தவில்லை.