கேட்டதும் கிடைக்கிற சர்க்கரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது, இங்கே மூன்று பேரும் முனகிக்கொண்டாவது நலமாக இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால் பேக்கரியில் கேக் வேகிற நேரத்தில் மைதா மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன், போட்டோ எடுத்து அனுப்பிவிடுவேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே, விரலெல்லாம் க்ரீம்.

சர்க்கரையும் போதைதான் என்று நீ அனுப்பினாயே ஒரு வீடியோ, அதில் ஆரம்பித்தது வினை. நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள் என்று அதில் வந்தவர் சொன்னதை உன் அம்மா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். உன் அண்ணன் சும்மா இருப்பானா, அதெல்லாம் பயமுறுத்தறாங்கம்மா, அளவா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, போதைங்கறதையே நிறைய பேரு ஒத்துக்கல என்று அவன் வேறொரு வீடியோவைக் காட்ட, சாப்பாட்டு மேஜையில் தினம் பட்டிமன்றம். கேக்மேல் ரோஜாப்பூ போட்டுப் பிழைக்கிறவன் நான், எனக்குச் சர்க்கரை நோய் வந்ததே கேலியாகிவிட்டது, இதில் போதைக்காரன் என்றால் கோபம் வராதா? அம்மா சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்றைக்கு நடந்ததை அண்ணன் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பான். பெரிய ஆர்டர் ஒன்று, சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமலேயே வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கை உதறியது, சட்டை தொப்பலாக நனைந்தது, அலமாரியைத் தட்டிக் கொஞ்சம் சர்க்கரை குடுடி என்று கத்தினேன். நடிக்காதீங்க, இதைத்தான் வீடியோல அவர் சொன்னாரு, பல்லைக் கடிச்சிட்டு இருங்க, சரியாயிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவள் கண்ணிலும் தண்ணீர். நான் சரிந்து விழுந்த சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஓடி வந்து, ஐயோ, இவருக்குச் சர்க்கரை இறங்கிடுச்சும்மா, என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும் என்று சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து குடிக்க வைத்தாள். இன்னும் தாமதமாகியிருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதும் அம்மா ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பழி உன்மேலும் இல்லை, அவள்மேலும் இல்லை, வெறும் வயிற்றில் மாத்திரை போட்டவன் நான்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. இப்போது பூட்டும் இல்லை, திட்டும் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வாரம் சர்க்கரை போடாத டீ தொண்டையில் இறங்கவில்லை, சும்மா, லேசா தலை சுத்துது என்றேன். அவ்வளவுதான், அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தாள், வந்த வேகத்தில் பாதி வழியிலேயே சிந்திவிட்டது. எனக்கு ஒன்றுமே இல்லை, ஆனாலும் குடித்தேன். மறுநாளும் அதையே சொன்னேன், நேற்றும் சொன்னேன். வெட்கங்கெட்டவன் உன் அப்பா. குதிகாலில் ஒரு புண் வேறு ஆறாமல் இருக்கிறது, அதைச் சாக்ஸ் போட்டு மறைத்து வைத்திருக்கிறேன்.

நீ சொன்னது சரியா அண்ணன் சொன்னது சரியா என்பதைப் படித்தவர்கள் சண்டை போட்டு முடிவு செய்யட்டும். பொய் சொல்லி வாங்கிக் குடிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன், அதற்கு என்ன பேர் வைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. நானே சொன்னால் அவளை ஓடவிட்டதெல்லாம் நடிப்பு என்று தெரிந்துவிடும், தாங்கமாட்டாள். அதனால் நீ சொல்லு. அப்பா தலை சுத்துதுன்னா முதல்ல சர்க்கரை பாக்கற மெஷின்ல விரலைக் குத்திப் பாரும்மா, குறைஞ்சிருந்தா உடனே குடு, இல்லன்னா குடுக்காதே என்று நீயாக யோசித்தது மாதிரிச் சொல்லு. புண் விஷயத்தையும் சொல்லிவிடு, திட்டட்டும்.

நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு கண்ணு. வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, படியில் இறங்கும்போது போனைப் பார்க்காதே. படித்ததும் இதை அழித்துவிடு, ஆனால் அம்மாவுக்கு இன்றைக்கே போன் பண்ணு, மறந்துவிடாதே. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நான் கேட்பேன், அவள் ஓடி வருவாள்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா