பதினெட்டு நாள்

மாசி, செவ்வாய்க்கிழமை

எழுத வேண்டியவை:
1. மனு.
2. அமைச்சர் தந்த நேரம் போதவில்லை.
3. பரமேஸ்வரியை வெளியில் நிற்கச் சொன்னது.

அறுவடை முடியும்வரை இறக்குமதி வெங்காயத்துக்கு வரியைக் கூட்டும்படி கேட்க, எங்கள் விவசாயிகள் சங்கம் இன்று அமைச்சரைச் சந்தித்தது. இறக்குமதி வியாபாரிகள் நேற்றே பார்த்துவிட்டார்களாம். மனுவை நான் நான்கு தடவை திருத்தி எழுதியிருந்தேன்.

உள்ளே மூவருக்குத்தான் இடம். செயலாளரான நான், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரையும் தபாலதிபரையும் கூட்டிப்போனேன். மூவருமே காணியைக் குத்தகைக்குக் கொடுத்தவர்கள். தோட்டம் முழுக்க வெங்காயம் நட்டிருக்கும் பரமேஸ்வரி சத்தம் போடுவாள் என்று பயந்தேன்.

"என்னைக் கண்டால் மந்திரி ஓடிப்போவாரோ, மாஸ்டர்?" என்று சிரித்தாள்.

"எல்லாம் மனுவிலை இருக்குப் பிள்ளை," என்றேன்.

அமைச்சர் மனுவைத் திறக்கவில்லை. "வெங்காயம் கிண்டி எடுக்க இன்னும் எத்தினை நாள் கிடக்கு?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"சரி, பாப்பம்," என்று எழுந்துவிட்டார்.

வாசலில் பரமேஸ்வரி, "என்ன கேட்டவர்?" என்றாள். சொன்னேன்.

"பதினெட்டு நாள்," என்றாள் உடனே. பிறகு பஸ்ஸில் என்னைவிட்டுத் தள்ளிப்போய் இருந்தாள்.

இரண்டாவதாக எழுதியது பிழை. அமைச்சர் தந்த நேரம் அவளுக்குப் போதுமாயிருந்திருக்கும்.