சீதன வயல் நெல்லும் சுபைதாவின் அப்பீலும்

18 பெப்ரவரி 1957, திங்கள்

காலையில் மூடுபனி, பிறகு நல்ல வெயில். மருதமுனை நெசவாளர் கூட்டச் செய்தி தபாலில் போட்டாயிற்று. சைக்கிள் பின் டியூப் மறுபடியும் காற்றுப் போகிறது.

மத்தியானம் சுபைதா வந்தாள், தங்கையின் மகள். காதி கோட்டில் காதியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிள்ளையின் தாபரிப்புக் காசைக் குறைத்துவிட்டார். காரணம்: விவாகரத்துக்குப் பிறகும் றஷீத் அறுவடைக்கு அறுவடை நெல் அனுப்புகிறான், அது போதும், கையில் சொற்பம் கொடுத்தால் சரி.

அந்த நெல் விளைவதே சு.வின் சீதன வயலில். சம்மாந்துறைப் பக்கம். கலியாணம் முடித்த நாளிலிருந்து றஷீத்தான் செய்கிறான். பிரிந்த பின்னும் விடவில்லை. விளைவதை முழுக்க அனுப்புகிறான். தன் சோற்றுக்கு அவனுக்கு வேறு காணி. எங்களில் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. குடும்பத்தில் ஆண் நான் ஒருவன். பேனை தவிர வேறெதுவும் பிடித்ததில்லை.

"காதியார் கேட்டாரு மாமா, நெல்லு வருதா புள்ள எண்டு. ஓம் எண்டன். வந்ததானே?"

"ஆருட வயலெண்டு செல்லினியா?"

"அத அவரு கேக்கல்லயே."

பிள்ளைக்கு முட்டு, மூச்சிழுப்பு. மருந்துக்கும் மட்டக்களப்பு பஸ்ஸுக்கும் நெல்லை நீட்ட முடியாது.

19, செவ்வாய்

வழக்குப் பேசும் புறக்டர் வீடு. அப்பீல் கொழும்பில் காதிகள் சபைக்கு. தவணை இருக்கிறது, தாராளமாக இல்லை. மனுவில் இரண்டில் ஒன்று எழுத வேண்டுமாம். நெல் அவனுடையது, ஆனால் போதாது. அல்லது, நெல் அவளுடையது, ஆகவே அவன் கொடுத்தது ஒன்றுமில்லை.

"ரெண்டையும் எழுதினா?"

"உங்கட பேப்பரில எழுதலாம், நிருபர். சபையில சிரிப்பாங்க."

புது நெல் வந்தால் வாங்கலாமா என்றேன். வாங்கினால் தாபரிப்பாக ஏற்றதாகும். வாங்காவிட்டால் அவனுடையது என்று ஒத்துக்கொண்டதாகும். அப்படியானால் என்ன செய்வது? மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

வரும் வழியில் விசாரித்தது:
பள்ளிவாசல் மரைக்கார் – உழுதவனுக்குத்தான் நெல்.
மில் முதலாளி – வயல் ஆருடையதோ அவருக்கு. உழுதவனுக்குப் பாதிப் பங்கு.
என் மனைவி – "புள்ள மூச்சு விட ஏலாமக் கிடக்கு. நீங்க நெல்ல ஆராயிங்க."

21, வியாழன்

மனு எழுதிக் கிழித்தேன். மறுபடியும் எழுதிக் கிழித்தேன். இத்தனை வருடக் கோட்டு வழக்குச் செய்தியில் வாதி, பிரதிவாதி மாறியதில்லை. இங்கே ஒரு வாக்கியம் முடியவில்லை.

றஷீத்தைத் தேநீர்க் கடையில் கண்டேன். கெட்டவனாக இருந்தால் எழுதுவது சுலபம்.

"என்ட புள்ளைக்குத்தானே மாமா அனுப்புறன். வேற ஆருக்கு?"

"மருந்துக்கு?"

"நெல்ல விக்கச் செல்லுங்க."

"அப்ப சோத்துக்கு?"

மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தான். என் தேநீருக்கும் அவனே கொடுத்தான்.

23, சனி

மேகம். கடல் பக்கம் நல்ல கறுப்பு. றஷீத் அனுப்பிய வண்டி சு. வீட்டு வாசலில், மூட்டைகள் ஏற்றியபடியே. இறக்கட்டா என்கிறான் வண்டிக்காரன். சு. என்னைப் பார்க்கிறாள். "பொறு" என்றேன்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரி: "ஏன் புள்ள, நெல்லுக்கு வேர்க்குதா? காத்து வாங்க வெச்சிரிக்கா?"

துளி விழத் தொடங்கியது.

"நனைஞ்சா முளைச்சிரும் ராத்தா," என்றான் வண்டிக்காரன். "ஆருட நெல்லெண்டாலும் முளைக்கும்."

சு. முக்காட்டை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். மூட்டைகளைத் தொட்டுத் தொட்டுச் சரி பாதி பிரித்தாள்.

"இதுகள உள்ளுக்கு வை. இது போடியார் பங்கு, வயலுக்குரிய ஆள்ர பங்கு. மத்தத இறக்காத. அது வயல் செய்தவர்ர பங்கு. திருப்பிக் கொண்டுபோய்க் குடு."

"என்ன செல்லிக் குடுக்க?"

"வயல்காரி குடுத்தெண்டு செல்லு. வேலைக்குள்ள பங்கு தந்தாச்சி. இனிப் புள்ளைக்கு வாப்பா தாறதத் தரச் செல்லு."

பக்கத்து வீட்டுக்காரி வேலியிலேயே நின்றாள். அவளிடம் போய், கேட்டதைச் சாட்சி சொல்வாயா என்றேன். "கேட்டதச் செல்ல என்ன பயம்?" என்றாள். பெயர் குறித்துக்கொண்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. வண்டி பாதி நெல்லோடு படங்கை மூடிக்கொண்டு திரும்பியது.

சட்டப்படி இது நிற்குமா, தெரியவில்லை. மனுவின் முதல் வரி மட்டும் எழுதியாயிற்று: வயல் மனுதாரியுடையது, செய்தவர் பங்கு கொடுத்தாயிற்று. சு. கையெழுத்து வைத்தாள். வீட்டில் வைத்த பாதி நெல் அடுத்த அறுவடை வரை போதாது. சோற்றுக்கு என்ன செய்வாய் என்று கேட்க வாயெடுத்தேன். உள்ளே பிள்ளை இருமியது. கேட்கவில்லை.