கவிழ்த்த மரக்கால்

டெவன், டிசம்பர் 1825

அன்புள்ள அப்பாவுக்கு மகன் அம்புரோஸின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

வங்கி முறிந்துவிடுமோ என்று பயந்து, இன்று சந்தைக்கு வந்தவர்களெல்லாம் எங்கள் வங்கி நோட்டுகளை நீட்டித் தங்கம் கேட்டார்கள். ஜன்னலில், தானியம் அளக்கும் மரக்கால் ஒன்று நிறையத் தங்கக் காசு தெரிந்தது. "அடேயப்பா, இவ்வளவு இருக்கா! அப்ப எனக்கு நோட்டே போதும்," என்று பால்காரி சிரித்தபடி போய்விட்டாள். மரக்காலைக் கவிழ்த்து, அதன் முதுகில் காசைப் பரப்பியவன் நான்தான்.

"உங்கப்பா ஆலைக்காரர், அவர் போட்டா ஊரே நம்பும். சனிக்கிழமை எல்லார் கண்ணு முன்னாலயும் தங்கத்தைக் கொண்டுவந்து நம்ம வங்கியில போடச் சொல்லி அவருக்கு எழுதுப்பா," என்றார் முதலாளி தாக்வெல். எழுதிவிட்டேன்.

குளிர் தாங்கவில்லை. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புங்கள். அந்த முழங்காலோடு நீங்கள் வர வேண்டாம், அப்பா. வரவே வேண்டாம்.

முதலாளி படியேறி வருகிறார். முடிக்கிறேன்.

அம்புரோஸ்